மெர்வின் ஒட்டிய ஆறு பிளாஸ்திரி

எந்த டாக்டர் முன்னாலும் சட்டையைக் கழற்றுவதில்லை என்று எழுபத்தொரு வயதிலும் மெர்வின் ஒரு சபதம் எடுத்திருந்தார். காரணம் பயம். அவர் அதை வீரம் என்று சொல்லிக்கொண்டார். ஆண்பிள்ளைகள் வழக்கம்தானே!

நாற்பது வருஷம் கரும்புத் தோட்டத்தில் தொப்பி இல்லாமல் டிராக்டர் ஓட்டிய உடம்பு. இப்போது வாரம் நாலு நாள் பவுல்ஸ் கிளப்பில், புல்தரையில் பந்து உருட்டும் நால்வர் அணிக்கு அவர்தான் கேப்டன். அந்தக் கிளப்பில் முழுக்காதும் முழுமூக்கும் உள்ள கிழவனைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். குவீன்ஸ்லாந்து வெயில் தொட்டுத் தோல் புற்று வந்த இடத்தையெல்லாம் டாக்டர் கத்தி வெட்டி எடுத்திருந்தது. கிளப் தலைவர் கீத்துக்கு மூக்கு நுனியே கிடையாது.

மெர்வின் மனைவி பெரில் வேறு ஜாதி. மழை பெய்தாலும் முழுக்கைச் சட்டை, குடை அகலத்துக்குத் தொப்பி, காது மடல்வரை சன்ஸ்கிரீன். பெண்கள் அணியில் பதினைந்து வருஷம் ஆடியும் ஒரு மரு கிடையாது. வருஷம் தவறாமல் மெர்வினைத் தோல் பரிசோதனைக்குக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காய்கறி வாங்கப் போவாள். மெர்வின் கிளினிக்கின் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறுவார். பின்சந்தில் ஒரு பார். ஒரு பீர் அடித்துவிட்டு, கழிவறைக் கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வார். ஒரு வருஷம் புறங்கையில், ஒரு வருஷம் கழுத்தில்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒண்ணே ஒண்ணை எரிச்சார். மத்ததெல்லாம் சுத்தமாம்."

"பீர் வாசனை அடிக்குதே?"

"அது ஸ்பிரிட். ஊசி போடறதுக்கு முன்னாடி தடவுவாங்க."

"வாயிலயா தடவினாங்க?"

"சும்மா தொணதொணக்காத. வண்டியை எடு."

ஆறு வருஷம், ஆறு பிளாஸ்திரி. கிளப்பிலும் அதைக் காட்டி, "மரத்துப்போற ஊசிகூட வேண்டாம்னுட்டேன்" என்று பீற்றிக்கொள்வார்.

இந்த வருஷம் ஜனவரியில், அந்த ஊர்க் கோடையில், வலது காது மடலில் நிஜமாகவே ஒரு பொருக்கு வந்தது. உதிரும், ரத்தம் கசியும், மறுபடி வரும். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். தலையணை உறை காட்டிக்கொடுத்தது.

"என்ன ரத்தம் இது, மெர்வ்?"

"ஷேவ் பண்றப்போ வெட்டிக்கிட்டேன்."

"காதுலயா மீசை வளர்க்கிற?"

அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

மே மாதம் மாவட்ட இறுதி ஆட்டம், ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடலாம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வியாழக்கிழமை பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். மெர்வின் பெயர் இல்லை. அந்த இடத்தில் பெரில் பெயர் இருந்தது.

"டேய் கீத்! என்னடா கூத்து இது?"

"கோவிச்சுக்காதடா. பெரில் வந்து எல்லாத்தையும் சொல்லிட்டா. ஆறு வருஷத்துல ஆறு இடத்துல எரிச்சிருக்காங்களாமே! நாங்களும்தான் பிளாஸ்திரியைப் பார்த்தோமே. இந்த உடம்போட உன்னை வெயில்ல நிறுத்தினா எங்களை மனுஷன்னு சொல்லுவாங்களா?"

"எனக்கு ஒண்ணுமே இல்லடா!"

"அப்ப எரிக்கலையா?"

மெர்வின் மாட்டிக்கொண்டார். எரிக்கவில்லை என்றால் ஆறு வருஷப் பொய் கிளப் முழுக்க நாறும். எரித்தார்கள் என்றால் அணி போச்சு. இந்த ஒரு கோப்பைக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்தவர் அவர்.

"வெயில்ல ஆடலாம்னு டாக்டர் சீட்டு கொண்டா, நாளைக்குள்ள. உன் பேரை நானே திருப்பி எழுதறேன். உனக்குத்தான் வருஷா வருஷம் பாக்கிற டாக்டர் இருக்காரே" என்றார் கீத்.

வீட்டுக்கு வந்ததும் குதித்தார். "ஊரெல்லாம் என்னைப் பத்தி என்ன சொல்லிவச்சிருக்க?"

பெரில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "நீ என்கிட்ட சொன்னதைத்தான். கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல."

"அதுக்கு என் சோத்துல மண்ணைப் போடுவியா? என் இடத்துல நீ ஆடுவியா?"

"யாராவது ஆடணுமே. நீ சொன்னதெல்லாம் பொய்னா இப்பவே சொல்லு. கீத்துக்குப் போன் போட்டு மன்னிப்பு கேட்டுடறேன்."

மெர்வின் கூரையைப் பார்த்தார்.

"என் தம்பி டெஸ்மண்டுக்கு முதுகுல ஒரு மச்சம். அவனும் உன்னை மாதிரிதான், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னான். எட்டு மாசம் நான்தான் அவனுக்குக் கட்டு மாத்தினேன். அந்த நாத்தம் இன்னும் மூக்குலயே இருக்கு. உனக்கும் மாத்தணும்னா என் கையில தெம்பு இல்ல, மெர்வ். மனசுலயும் இல்ல. செத்துதான் போவேன்னா போ. என்னை நர்ஸாக்காத."

இதில் எங்காவது கொஞ்சம் பிரியம் இருக்கிறதா என்று மெர்வின் துழாவிப் பார்த்தார். அவர் கைக்கு எதுவும் அகப்படவில்லை. நாற்பத்தாறு வருஷத் தாம்பத்தியம்! அன்று ராத்திரி உருளைக்கிழங்கைத் தொடாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் காலை தனியாகக் கிளம்பினார். ஒரு சீட்டுதானே, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிடலாம் என்று கணக்கு. முதல்முறையாக அந்தக் கிளினிக்கின் வரவேற்பு மேசை முன்னால் போய் நின்றார்.

"அம்மா, வெயில்ல ஆடலாம்னு ஒரு சீட்டு வேணும். அஞ்சு நிமிஷ வேலை."

"டாக்டரைப் பாக்க ரெண்டு மாசம் காத்திருக்கணுமே சார். உங்க பேரு?"

"மெர்வின் டிங்கிள்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவருடைய வலது காதைப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் இன்னிக்குப் பத்தரைக்கு நேரம் இருக்கே! வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்னு ஒரு மணி நேரமா கேட்டு, உங்க வீட்டம்மா மார்ச் மாசமே வாங்கிவச்சுட்டாங்க. நேத்து போன் பண்ணி, தையல் போட்டதும் டாக்ஸி பிடிச்சு வீட்டுக்கு வரச் சொன்னாங்க சார். அவங்களால வர முடியாதாம், நாளைய ஆட்டத்துக்குப் பயிற்சி இருக்காம்."