சில்க்போர்டுக்கு முதலிடம்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. போன மாதம் ஆபரேஷன் செய்துகொண்ட என் இடது கண்மேல் சத்தியம். வலது கண்ணுக்கு இன்னும் டாக்டர் தேதி கொடுக்கவில்லை, அது சாட்சி.

டிசம்பர் மாதக் கடைசி ஞாயிறு. லிங்கராஜபுரத்தில் மூன்றாவது மாடி வீடு ஒன்றில், ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, மறு கையால் போனில் தட்டிக்கொண்டிருந்தான் ப்ரஹ்லாத். 'இந்த ஆண்டில் எனக்குப் பிடித்த பத்து வீடியோ கேம்கள்' முடிந்துவிட்டது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

வீட்டில் அவன் பேச்சு எடுபடாது. ஆபீஸில் அவன் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் முடிந்துவிடும். ஆனால் வருடக் கடைசியில் அவன் பட்டியல் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால், அத்தனை பேரும் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துத்தான் கேம் வாங்குவார்கள். பட்டியலின் தலையில் வருடா வருடம் ஒரே வாசகம்: 'ஆடாத கேமுக்கு இங்கே இடமில்லை.'

இந்த வருடம் முதலிடம் 'அயர்ன் ஹார்பர்' என்ற கேமுக்கு. அதன் கீழே, 'கட்டைவிரல் வீங்கும்வரை ஆடினேன்' என்று எழுதியிருந்தான்.

அவன் மனைவி பாமா எட்டிப் பார்த்தாள். "கட்டைவிரலா? பால் பாட்டில் மூடி திருகினதுல வீங்கினதுன்னா அது?"

"நீ சும்மா இரு."

அனுப்பப்போன நேரத்தில் போன் அடித்தது. மேனேஜர் சாய்கிருஷ்ணா. ஓசூர்க்காரர், நாலு மொழியிலும் கட்டளை மட்டும் போடத் தெரிந்தவர்.

"குரு, லிஸ்ட் ரெடியா? என் மச்சினன் ராஜேஷ்குமார் ஒரு கேம் பண்ணியிருக்கான். 'சில்க்போர்டு'ன்னு பேரு. லிஸ்ட்ல அதை எங்கியாவது போட்டுடு."

"ஆடிப் பாக்காம எப்படி சார் போடறது?"

"போடாம உன் ஒர்க் ஃப்ரம் ஹோம் ஃபார்ம்ல நான் எப்படி குரு சைன் போடறது?"

ஜனவரியிலிருந்து எல்லோரும் தினமும் ஆபீஸுக்கு வர வேண்டும் என்று உத்தரவு. ஆபீஸ் ஊரின் மறுகோடியில், சந்தாபுராவுக்குப் பக்கத்தில். லிங்கராஜபுரத்திலிருந்து காலையில் கிளம்புகிறவன் அங்கே போய்ச் சேர்ந்து, காபி குடித்து, திரும்பிக் கிளம்பினால்தான் அன்றைக்கே வீடு வரலாம். பாமாவின் லீவும் ஜனவரியோடு முடிகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

"உனக்குப் பர்மிஷன் கிடைக்கலேன்னா நான் வேலைய விட்டுடணும். அவ்வளவுதான்," என்று பாமா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மிக்ஸியைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

அந்த 'சில்க்போர்டு' என்ன கேம் என்று ராஜேஷ்குமார் விளக்கம் அனுப்பியிருந்தான். ஊரிலேயே நெரிசலுக்குப் பேர்போன சில்க்போர்டு சிக்னலில் நிற்க வேண்டும். அவ்வளவே. முதல் கட்டத்தில் கல்யாணம் ஆகாத வாலிபனாக வண்டியில் வந்து நிற்கிற கதாநாயகன், மூன்றாம் கட்டத்தில் பக்கத்துக் காரில் இருப்பவரிடம் தன் பேரனின் காதுகுத்துப் பத்திரிகையைக் கொடுப்பான். சிக்னல் அப்போதும் சிவப்பு.

ஆடாத கேமுக்கு இடம் கொடுப்பதா! பதினொரு வருடப் பேர் கெட்டுப்போகிறதே என்று ப்ரஹ்லாத் கண்ணை மூடிக்கொண்டு, பத்தாவது இடத்தில் இருந்த 'லிட்டில் போஸ்ட்மேன்' கேமை எடுத்துவிட்டு, அங்கே 'சில்க்போர்டை' வைத்து அனுப்பினான்.

ஐந்தாவது நிமிடம் சாய்கிருஷ்ணா.

"பத்தாவதா? கடைசி பெஞ்சா? என் பெண்டாட்டி தட்டை டொம்முன்னு வெச்சுட்டுப் போயிட்டா குரு! அவ தம்பியை நான் ஆள் வெச்சு அவமானப்படுத்திட்டேனாம்!"

"சார், போடச் சொன்னீங்க, போட்டேன்…"

"பத்தாவதா போடறதுக்குப் போடாமலே இருந்திருக்கலாம். என்ன பண்ணுவியோ தெரியாது."

ப்ரஹ்லாத் அதை மூன்றாவது இடத்துக்கு ஏற்றினான். திருத்திய பட்டியல் போனதும் பார்கவியிடமிருந்து போன். ஹெச்.ஆர். பார்கவி. மேனேஜர் கையெழுத்துப் போட்டாலும் ஃபார்ம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"'லிட்டில் போஸ்ட்மேன்' எங்கே ப்ரஹ்லாத்?"

"இடம் பத்தலை பார்கவி."

"அந்தப் போஸ்ட்மேனோட கழுதை பனியில செத்தப்போ நான் துக்க லீவு போட்டு அழுதேன். எனக்கு நானே சாங்ஷன் பண்ணேன். நீங்க ஆடும்போது அழலையா?"

"அழுதேன். நிறைய."

"அழுதவர் இப்படிச் செய்ய மாட்டார். மனசே இல்லாத ஆளை வீட்டுல விட்டா என்ன, ஆபீஸுக்கு வரவெச்சா என்ன."

ப்ரஹ்லாத் அலறியடித்துக்கொண்டு கழுதையையும் மூன்றாவது இடத்துக்கே கொண்டுவந்தான். பட்டியலில் இப்போது மூன்றாம் இடத்தில் ஒரு செத்த கழுதையும் ஒரு சிவப்பு சிக்னலும் சேர்ந்து நின்றன.

குழுவில் புகைய ஆரம்பித்தது. ரகு என்ற சக ஊழியன்தான் முதலில் கொளுத்தினான்.

'அப்போ பத்தாவது, அரைமணியில மூணாவது. இது ரேங்கா, வெங்காய விலையா?'

'சாய் சார் மச்சினன் கேமாமே? சக்கத் மச்சா, பிரமாதம்!'

'சரி ப்ரஹ்லாத், ஆடியிருக்கியே, கடைசிக் கட்டத்துல என்ன வரும் சொல்லு?'

ப்ரஹ்லாத், 'அதையெல்லாம் அனுபவிச்சாத்தான் தெரியும்' என்று எழுதினான். இருபத்தைந்து பேர் அதற்குச் சிரித்த முகம் போட்டார்கள்.

சாய்கிருஷ்ணா மறுபடி கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"கழுதையோட ஜோடி சேத்துட்டியே குரு. இன்னிக்கு நான் சோபாலதான் படுக்கணும்."

ப்ரஹ்லாத் குழந்தையைப் பார்த்தான். அது அவன் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. இந்தக் குழந்தை முதன்முதலில் பேசப்போகும் சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, ஆபீஸுக்குப் போகிறவனுக்குச் சொல்லும் 'பை பை'தான் என்று அவனுக்குத் தோன்றியது. மானம் போனால் போகிறது. 'அயர்ன் ஹார்பர்' கேமை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினான். 'சில்க்போர்டு' முதலிடம். கீழே எழுதினான்: 'கட்டைவிரல் வீங்கும்வரை நின்றேன்.'

"அப்பாடா," என்றாள் பாமா. "முடிஞ்சுதா?"

முடியவில்லை. சாய்கிருஷ்ணாவுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. மேலிடம்வரை சொல்லிவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் ஆபீஸின் ஆன்லைன் கொண்டாட்டம். எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து திரையில் வந்தார்கள். கேக் வெட்டி, யாரும் யாருக்கும் ஊட்ட முடியாமல் தாங்களே தின்று முடித்ததும், சாய்கிருஷ்ணா கையைத் தட்டினார்.

"பிரெண்ட்ஸ்! இந்த வருஷத்து நம்பர் ஒன் கேமை நம்ம ரேங்கிங் ராஜா இப்போ லைவா ஆடிக் காட்டுவார்! என் மச்சினனும் வந்திருக்கான். ஆடு குரு!"

ப்ரஹ்லாதின் முகம் அரைத்து வைத்த மாவுபோல் ஆயிற்று.

"சார்… குழந்தை தூங்கறது."

"சவுண்டை மியூட் பண்ணிக்கோங்க," என்றாள் பார்கவி.

"கரண்ட் இல்லை சார், காலைலேர்ந்து."

"உன் தலைக்கு மேல ஃபேன் சுத்துது மச்சா," என்றான் ரகு.

ப்ரஹ்லாத் நிமிர்ந்து பார்த்தான். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. டி.வி.க்குக் கீழே இருந்த தட்டைப் பார்த்தான். குழந்தையின் டயப்பர் பொட்டலங்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. உதவி எதுவும் கிடைக்கவில்லை.

"அது வந்து சார்… கேம் பெட்டியை பாமா உள்ள வெச்சுப் பூட்டிட்டா. குழந்தை பிறந்ததுலேர்ந்து கேம்னா அவளுக்கு ஆகாது."

"அவ்வளவுதானா? மேடமைக் கூப்பிடு!" சாய்கிருஷ்ணா ஒரு காகிதத்தை எடுத்துக் கேமராமுன் ஆட்டினார். "பாமா மேடம்! இதோ உங்க வீட்டுக்காரர் ஃபார்ம். சாவியைக் குடுங்க, சார் ஆடட்டும், எல்லார் முன்னாடியும் நான் சைன் போடறேன். வருஷம் முழுக்க வீட்டுலயே இருக்கட்டும். பார்கவி, உனக்கு ஓகேயா?"

"கழுதைக்காக ஓகே," என்றாள் பார்கவி.

பாமா வந்து நின்றாள். அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். நல்ல பெண். பொய் சொல்லிப் பழக்கமில்லாவிட்டாலும் துணிந்துவிட்டாள்.

"ஆமா சார், நான்தான் பூட்டினேன். சாவியை எங்கியோ… தேடணும். நாளைக்கு ஆடச் சொல்றேனே? நீங்க சைனை மட்டும் இப்பவே…"

சாய்கிருஷ்ணா இளகினார். பேனா மூடியைக் கழற்றினார். முனை காகிதத்தைத் தொட்டது. ப்ரஹ்லாதுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

வாசல் மணி அடித்தது.

தப்பித்த வேகத்தில் பாமா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மைக் திறந்தே இருந்தது. வெளியே, அட்டைப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற ஆளுக்கு, கடைத்தெருவில் பேசிப் பழகிய வெண்கலக் குரல்.

"ப்ரஹ்லாத் சார் வீடுதானே மேடம்? ஆஸ்டின் டவுன் ரிப்பேர் கடைலேர்ந்து வர்றேன். போன பொங்கலுக்குக் காபி கொட்டிடுச்சுன்னு கேம் பெட்டி குடுத்தீங்களே, இன்னிக்குத்தான் பார்ட் வந்து ரெடியாச்சு. பாவம், வருஷம் பூரா ஒரு கேம்கூட ஆடாம சார் எப்படித்தான் இருந்தாரோ!"