கயிற்றின் பின்முனை

இழுத்துப் போகும் விமானம் மூக்குக்கு நேரே தெரிந்திருக்க வேண்டும். அது வலப்பக்கக் கண்ணாடி வழியே தெரிந்தது.

"சார், அது எங்க போகுதோ அங்கதான் நாமளும் போகணும்," என்றார் பின்னிருக்கையிலிருந்த பயிற்சியாளர்.

மேலாளருக்கு அது புதுச் செய்தி. நூற்றிருபது பேர் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக மற்றவர்கள்தான் அவர் பின்னால் வந்திருக்கிறார்கள். ஞாயிறுகளில் அவர் ஓட்டப் பழகும் கிளைடருக்கோ இன்ஜின் கிடையாது. முன்னால் ஒரு சின்ன விமானம் நீளக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துப் போகும். கயிற்றைக் கழற்றும்வரை அதன் பின்னாலேயே பிசகாமல் போவதுதான் மாணவன் வேலை. மேலாளர் இடப்பக்கம் விலகுவார். அதைத் திருத்துகிறேன் என்று கைப்பிடிக் குச்சியை ஒரே தள்ளாகத் தள்ளி வலக்கோடிக்குப் போவார். பதினோராவது பாடத்திலும் இதே ஊசலாட்டம்தான்.

அதற்குள் அவர் அலுவலகத்தில் வாயை விட்டிருந்தார். மாதக் கடைசி ஞாயிறன்று பயிற்சியாளர் கைவைக்காமல் தானே ஓட்டப் போவதாகவும், ஊழியர்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கலாம் என்றும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று. 'வரலாம்' என்பதை 'வர வேண்டும்' என்று எல்லோரும் சரியாகவே படித்துக்கொண்டார்கள்.

யோசித்துப் பார்த்ததில் குறை முன்னால் போகிறவரிடம்தான் என்று பட்டது. வாரநாட்களில் வேறோர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறுகளில் இழுவிமானத்தை ஓட்டும் பெண்மணியை அங்கே எல்லோரும் பைலட்டம்மா என்பார்கள். மேலாளர் அவருக்கு ஒன்பது விதிகள் கொண்ட சுற்றறிக்கை ஒன்றைத் தட்டச்சு செய்து கொடுத்தார். திரும்புவதற்கு முன் ரேடியோவில் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்த பிறகே திரும்ப வேண்டும். இப்படிப் போனது அது. பைலட்டம்மா கடைசிவரை படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சரிங்க சார் என்றார்.

அடுத்த முறை மேலே போனதும், இடப்பக்கம் திரும்பலாமா என்று ரேடியோவில் முறைப்படி கேட்டார். ஒப்புதல் தருவதற்காக மேலாளர் பொத்தானைத் தேடிய நேரத்தில் கிளைடர் ஜிவ்வென்று மேலேறிவிட்டது. பின்முனை மேலே போனால் கயிறு முன்விமானத்தின் வாலைத் தூக்கும். அதன் மூக்கு தரையைப் பார்க்கும். பைலட்டம்மா ஒப்புதலுக்குக் காத்திருக்கவில்லை. கயிற்றைக் கழற்றிவிட்டார். பயிற்சியாளர் படாதபாடுபட்டுக் கிளைடரை ஒரு மேய்ச்சல் நிலத்தில், மாடுகளுக்கு நடுவே இறக்கினார்.

கேட்காமல் கழற்றியது ஒன்பதாம் விதிக்கு விரோதம் என்று மேலாளர் மாடுகள் காதுபடச் சொன்னார். ஆனால் அந்த வால் தூக்கிய காட்சி அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

பிறகு அலுவலகத்திலேயே பயிற்சி. தன் சுழல்நாற்காலியில் கயிறு கட்டி, எழுத்தரை இழுக்கச் சொல்லி, அவர் பிடரியைப் பார்த்தபடி நடைவழியில் கால்களால் உந்தித் திருப்பிப் பழகினார். முதல் நாள் தண்ணீர்க் குடுவை போயிற்று. இரண்டாம் நாள் கண்ணாடிக் கதவில் விரிசல்.

"கதவுதான் சார் தப்பான இடத்துல இருக்கு," என்றார் எழுத்தர்.

மறுநாள் கதவையே கழற்றிவிட்டார்கள். நாற்காலி அருமையாகப் போனது. மேலாளருக்குத் தெம்பு வந்தது.

வீட்டில்தான் யாரும் ஏமாறவில்லை. ஞாயிறு காலை மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "ஏங்க, அந்தம்மா உயிரும் அந்தக் கயித்துலதான் இருக்கு. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்களேன்," என்றார்.

சொல்லிவிடலாம் என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டு போனார். மைதானத்தில் இருநூறு பேர் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். கையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

கயிறு இறுகியது, மேலே போனார்கள். நிமிர்ந்து பார்த்தால், இழுவிமானம் முன்கண்ணாடியின் நட்டநடுவில் இருந்தது. கை கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது, அப்போதும் நடுவில். வலப்பக்கம் சாய்ந்தார், ஆணி அடித்தாற்போல் அங்கேயே. பின்னிருக்கையில் பயிற்சியாளர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலாளருக்குக் கண் கலங்கியது. கயிற்றைக் கழற்றும்போது, வழக்கமான குன்றுக்குப் பதிலாகக் கீழே ஏன் ரயில் நிலையம் தெரிகிறது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

தரையிறங்கியதும் மாலை போடாத குறைதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பைலட்டம்மாவிடம் பெருந்தன்மையோடு போனார்.

"பாத்தீங்களாம்மா? ஒரு இம்மி விலகலை."

பைலட்டம்மா கயிற்றைக் கீழே வைத்தார்.

"பின்னாடி பாக்குற கண்ணாடியில உங்களையே பாத்துக்கிட்டு, நீங்க சாயுற பக்கமெல்லாம் நான் முன்னாடி போயிட்டேன் சார், வாரத்துல ஆறு நாள் எங்க ஆபீஸ்ல நான் பாக்குற வேலையே அதுதானே."