ஒரே நாளில் கறுத்த ஆயில் குறித்துச் சம்பந்திக்கு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இவ்விடம் நானும் என் மனைவியும் தனித்தனியே நலம். அவ்விடம் தங்கள் நலத்தையும், சம்பந்தி அம்மாவின் முழங்கால் நலத்தையும், சொல்லாமல் கொள்ளாமல் அங்கே வந்து இறங்கியிருக்கும் என் மகளின் நலத்தையும், இன்னொருவர் நலத்தையும் அறிய ஆவல். அந்த இன்னொருவர் தங்கள் மகன். மாப்பிள்ளை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். விசாரணை நிலுவையில் இருப்பதால் நிறுத்திக்கொண்டேன்.

இதைப் போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தே தலை நரைத்தவன் நான். சொன்னதை "நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்டவர்களை ஒரு பஸ் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை முழுக்கப் போட்டு, அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகிற டீசல் படகு ஒன்றைப் புதிதாக வாங்கி, ஓட்டத் தெரிந்தவர் என்று தங்கள் மகனிடம் சாவியைக் கொடுத்தது தாங்கள் அறிந்ததே. அறியாதது இனிமேல்தான் வருகிறது. படகு தண்ணீரில் இறங்கிய சூட்டோடு சூடாக, "மாமா, ஆயில் மாத்தணும்" என்று வந்து நின்றார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டேன், எங்கள் பஸ்ஸுக்கெல்லாம் அதுதான் கணக்கு. "தண்ணியில ஏது மாமா கிலோமீட்டர்? எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடுச்சோ அதான் கணக்கு. மணி காட்டுற மீட்டர் இருக்கு பாருங்க. புது எஞ்சினுக்கு முதல் ஆயிலைச் சீக்கிரமே மாத்திடணும், அப்புறம் நூறு, நூத்தைம்பது மணிக்கு ஒருக்கா மாத்தினாப் போதும்" என்றார். போகட்டும் என்று விட்டேன். பிறகு காற்றும் அலையும் பலமாகிப் படகு கரையிலேயே கட்டிக் கிடந்ததே, அப்போதும் வந்து நிற்கிறார், ஆயில் மாற்ற வேண்டுமாம். "ஓடவே இல்லையே?" என்றேன். "ஓடலைன்னாலும் வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும் மாமா, சும்மா கிடந்தா ஈரம் சேர்ந்து கெட்டுப்போயிடும்." ஓடினாலும் மாற்ற வேண்டும், ஓடாவிட்டாலும் மாற்ற வேண்டும்! கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்களாம்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். எஞ்சினுக்கு அடியில் கை நுழைய இடமில்லையாம், அதனால் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அளவு பார்க்கிற கம்பியை உருவி, அந்தத் துளை வழியாகக் குழாயை விட்டு, கைப்பம்பால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கிறார். எடுத்ததை ஒரு சொட்டுச் சிந்தாமல் கேனில் மூடி எங்கேயோ கொண்டுபோகிறார். கழிவை யாராவது இவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோவார்களா? பின்னாலேயே போனேன். ஒர்க் ஷாப்பில் கழிவு ஆயில் சேர்க்கிற பீப்பாயில் ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாகப் போயிற்று.

போன வாரம் மாட்டினார். தேன் நிறத்தில் புது ஆயிலை என் கண்முன்னால்தான் ஊற்றினார், ஆனால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, "மாமா, அந்தத் துணியைக் கொஞ்சம் எடுங்க" என்றார், நானும் திரும்பினேன். மறுநாள் கம்பியை உருவினால் தார் மாதிரி கறுப்பு! என் வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து, சாட்சியாக இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தக் காகிதத்தின் மூலையில் உள்ள கறையும் அதுவே.

அன்று சாப்பாட்டு மேசையில் கைக்குட்டையை விரித்தேன். "புதுசா, பழசா?" என்றேன். "புதுசுதான் மாமா. டீசல் எஞ்சின்ல ஒரு நடை போனாலே கறுத்துடும். உள்ள இருக்கிற கரியை ஆயில் வாங்கிக்குது, அதான் அதோட வேலை. நிறத்தைப் பார்த்து மாத்தறதில்ல, மணியைப் பார்த்துத்தான் மாத்தறது." தடங்கலே இல்லாமல் வந்தது பதில். டிக்கெட் எடுக்காதவன்தான் இப்படித் தடங்கலில்லாமல் பேசுவான் என்று என் அனுபவத்தைச் சொன்னேன். அவர் படகுச் சாவியை எடுத்துக் கைக்குட்டைமேல் வைத்தார். என் மகள்தான், "அப்பா, உங்களுக்கு எஞ்சினும் தெரியல, இவரையும் தெரியல" என்றாள். விடிந்து பார்த்தால் அவர்கள் அறை காலி. என் மனைவி அதிலிருந்து என்னுடன் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் தட்டை வைக்கிற சத்தத்திலேயே சொல்லிவிடுகிறாள்.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, தங்கள் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் புது ஆயில் எங்கே போனது என்று கேட்டு, என் மகளை உடனே அனுப்பி வைக்கவும். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, வீடுதான் வெறிச்சென்று கிடக்கிறது. அவள் அறை விளக்கைப் போட ஆளில்லாமல் நானே போட்டு, நானே அணைக்கிறேன்.

தங்கள் குடும்பத்தார் அனைவரும், விசாரணையில் இருப்பவர் உட்பட, நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழ வேண்டும். சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஐயம் தீராத
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் வழக்கை இன்னும் பலமாக்கலாமே என்று, சீல் உடையாத டப்பாவாக வேறொரு கடையில் வாங்கி, பழையதை நானே உறிஞ்சி எடுத்து, புதியதை நானே ஊற்றினேன். பிறகு நானே ஓட்டி அக்கரை போய் வந்தேன். துறையில் நின்றவர்கள் "அவரு எப்ப வருவாரு?" என்று கேட்டுவிட்டு, ஓட்டப்போவது நான் என்றதும் தூரத்துப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தே போய்விட்டார்கள். ஆக, படகில் என்னைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. திரும்பி வந்து கம்பியை உருவினேன். கறுப்பு. துடைத்துவிட்டு மறுபடி உருவினேன். அதே கறுப்பு. கரையில் நின்ற என் மனைவி இத்தனை நாள் கழித்து வாய் திறந்தாள்: "இப்ப யாரைப் பிடிக்கப் போறீங்க?"

சம்பந்தி, மேலே உள்ளதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம், பி.கு.விலிருந்து தொடங்கவும். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்றால் இவள் விடவில்லை. "எழுதினது அப்படியே போகட்டும், அவங்களும் உங்களைத் தெரிஞ்சுக்கட்டும்" என்கிறாள். மாப்பிள்ளையிடம் தாங்கள் எதுவும் கேட்க வேண்டாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே வந்து, எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான் வருகிற விஷயம் மட்டும் என் மகள் காதுக்குப் போக வேண்டாம். தெரிந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வேறெங்காவது போய்விடுவாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.