இரட்டை இறக்கையா, ஒற்றை இறக்கையா?

அக்கரப்பத்தனை,
ஞாயிற்றுக்கிழமை, முதல் தேத்தண்ணிக்குப் பிறகு.

மதிப்பும் பாசமும் குறையாத மைத்துனர் சுதாகரன் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் கஜேந்திரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா ஜீவராணியும் சுகம். என்னுடைய இடது காது மட்டும் இன்னும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. காரணம் கீழே உரிய இடத்தில் வரும். நோட்டன் பிரிட்ஜில் நீங்களும் வினோதாவும் மகள் பிரியந்தினியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

நீங்கள் போனில் ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள்: “அத்தான், அடுத்த வருசம் பென்சன். ரிமோட்ல பறக்குற ப்ளேன் கிட் ஒன்னு வாங்கிப் பூட்டலாம்னு இருக்கேன். ரெட்டை ரெக்கையா, ஒத்தை ரெக்கையா?” இதற்கு நானும் ஒரே வரியில் பதில் எழுதலாம். ஆனால் எனக்கும் ஒருவர் ஒரே வரியில்தான் பதில் சொன்னார், நான் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

முப்பத்தெட்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்தவன், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டுக் கேத்தலை மேற்பார்வை செய்யத் தொடங்கினேன். தண்ணீர் கொதித்தது போதாது என்றேன், தூள் அதிகம் என்றேன், சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் கடிகாரத்தை வைத்தேன். உங்கள் அக்கா தோட்டப் பாடசாலையில் நாலாம் வகுப்புக்குப் படித்துக்கொடுக்கிறவள், பொறுமைக்குப் பயிற்சி எடுத்தவள். மூன்று மாதம் பொறுத்தாள். ஒரு காலை பாடசாலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, “நீங்க என்னமும் செய்ங்க. வானத்துல செஞ்சாலும் சரி. குசினிக்குள்ள மட்டும் வேணாம்” என்றாள். அவள் பேச்சுக்குத்தான் சொன்னாள். நான் அதை ஓர் ஆலோசனையாக எடுத்துக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினேன்.

அங்கே மாதிரி விமானம், கப்பல் எல்லாம் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் விஜிதரன், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருக்கும் சாதுவான மனிதர். “ஐயா இதுக்கு முன்ன ஏதாச்சும் பறக்க விட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். பட்டம் விட்டிருக்கிறேன் என்றேன். எப்போது என்றார். எழுபத்தாறாம் ஆண்டு என்றேன். அவர் ரெஜிபோம் என்ற லேசான வெள்ளை நுரைப்பலகையில் செய்த, ஒற்றை இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு விமானத்தை எடுத்து வைத்தார். “பழகுறவங்களுக்கு இதுதாங்க. கைய விட்டுட்டாலும் அதுவா நேரா நிக்கும். விழுந்தா ஒட்டிக்கலாம்.” எல்லாம் நியாயம்தான். ஆனால் அவருடைய தலைக்கு மேலே இருந்த தட்டில் இன்னொரு பெட்டி இருந்தது. அதன் மூடியில் இரண்டு இறக்கை விமானம் ஒன்று, கீழும் மேலும் கம்பி இழுத்துக் கட்டி, மஞ்சள் நிறத்தில் மேகத்துக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அது என்ன என்றேன். “ஐயா, அது பல்சா மரம். நானூறு துண்டு. நீங்களாத்தான் ஒட்டணும். அது நாலாவது ப்ளேனா வாங்க வேண்டியது” என்றார். எனக்கு வயது அறுபத்தொன்று. அவர் சொன்ன வரிசைப்படி போனால் நாலாவது விமானத்தைத் தூக்கிவர ஆள் வைக்க வேண்டியிருக்கும். மேலும், ஓர் இறக்கை உடைந்தாலும் இன்னொன்று மிஞ்சும் என்று ஒரு கணக்கும் போட்டேன். இது பிழையான கணக்கு, மச்சான். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. ஒன்று போனால் மற்றதும் போகும்.

பெட்டியை வீட்டில் திறந்தபோதுதான் இன்னொன்று விளங்கியது. மூடியில் படம் போட்டிருந்த எதுவும் பெட்டிக்குள் இல்லை. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, ரிமோட் இல்லை, வாலையும் இறக்கையையும் அசைக்கும் சின்ன மோட்டார்கள் இல்லை, கீழே உருளுகிற சில்லுகூட இல்லை. மரம் இருந்தது, ஒரு பெரிய வரைபடம் இருந்தது. வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். ஆடி மாதம் விரித்தது, தைப்பொங்கல் வரைக்கும் அப்படியே கிடந்தது. அந்த ஆறு மாதமும் நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மற்றச் சாமான்களுக்காக நான் கண்டிக்கு ஐந்து தடவை போனேன். ஐந்தாவது தடவை விஜிதரன் என்னைக் கண்டதும் தானாகவே நாற்காலி இழுத்துப் போட்டார்.

ஒட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். சூப்பர் குளூ என்பது மரத்தைவிட மனுசனை நன்றாக ஒட்டும். மாரியம்மன் கோயில் கூட்டத்தில் புதிய செயலாளருக்கு ஆதரவானவர்கள் கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். என் பெருவிரலோடு இறக்கைக்கு விலா எலும்பாக வைக்கும் மரத்துண்டு ஒன்றும் தூக்கிக்கொண்டு நின்றது. தலைவர் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, “அது யாருக்குங்க?” என்று கேட்டார். அடுத்தது ஐப்பசி மழை. மூன்று வாரம் வெயிலே இல்லை. பல்சா மரம் ஈரத்தைக் குடித்து, மேல் இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. ஈரம் எடுப்பதுதானே என் தொழில். இறக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். என் இடத்தில் இப்போது இருக்கும் கிஷாந்த் மரியாதையான பிள்ளை. கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு மூலையில் அதைப் படுக்கவைத்து, மேலே நான்கு புத்தகங்களை அடுக்கி, மாலைக்குள் நேராக்கிக் கொடுத்தார். “சேர், இத எந்த கிரேடுல போடுறது?” என்று மட்டும் கேட்டார். கடைசியாக இறக்கைக்கு மேலே சூடுகாட்டி ஒட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் தாள். அதற்கு உங்கள் அக்காவின் அயன் பெட்டியை எடுத்தேன். அடுத்த நாள் அவள் அதே பெட்டியால் தன் வெள்ளைச் சேலையை அயன் பண்ணினாள். சேலையில் மஞ்சளாக ஒரு தீவு விழுந்தது. அவள் அதை மடித்து என் வரைபடத்துக்கு மேலே வைத்துவிட்டுப் போனாள். அது ஏசுவதைவிட மோசம்.

இனி பறக்கவிட்ட நாள். மைதானம் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம், ஆகவே தோட்டத்து மானேஜரான பெரிய துரையிடம் போனேன். கெமரா இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். அதிகாரிகளிடம் பதிந்தாயிற்றா என்றார். பதிவுக் கடிதத்தைக் காட்டினேன். அப்படியானால் தானும் வந்து பார்க்கிறேன் என்றார். மாசி முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி, காற்று இல்லை. மைதானத்தின் ஓரத்தில் துரையின் ஜீப். என் பக்கத்தில் குடையோடு உங்கள் அக்கா. மைதானத்துக்குக் கீழே சரிவில் ஆறாம் நம்பர் மலை. அதில் நாற்பது பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் பேச்சியம்மா. தொழிற்சங்கத்தில் மாதர் தலைவியாக இருப்பவர், குரல் மலைக்கு மலை கேட்கும். அந்த மலையின் நடுவே ஒரு சவுக்கு மரம், மரத்தின் உச்சியில் அண்டா அளவுக்கு ஒரு குளவிக்கூடு. தீபாவளிக்கு முந்தியே பேச்சியம்மா ஆபீசில் போய்ச் சொல்லியிருந்தார். போன வருடம் கூடு கலைந்து இரண்டு பெண்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லோருக்கும் தெரியும். கடிதம் மேலே போயிருக்கிறது என்று பதில் வந்தது. கடிதம் எங்கே போனதோ, கூடு மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

விமானம் எழும்பியது. கொஞ்ச நேரம் பறந்தது. அதைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை.

பிறகு பனிமூட்டம் வந்தது. இந்தப் பக்கத்துப் பனிமூட்டம் சொல்லிவிட்டு வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். விமானம் அதற்குள் போய், வெளியே வரும்போது என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. இங்கேதான் ஒரு விஷயம்: அது நம்மை நோக்கி வரும்போது நம்முடைய இடது அதற்கு வலது. விஜிதரன் இதை ஐந்து தடவை சொன்னார். நான் ஐந்து தடவையும் தலையாட்டினேன். இடப்பக்கம் திருப்பினேன், அது வலப்பக்கம் சாய்ந்தது. இன்னும் இடப்பக்கம் திருப்பினேன், அது இன்னும் சாய்ந்து ஆறாம் நம்பர் மலைக்கு மேலே போய், மூக்கைச் சவுக்கு மரத்துக்கு நேராக வைத்துக்கொண்டது. எனக்கு மரம் தெரிந்தது, கூடு தெரிந்தது, மரத்துக்குக் கீழே வெள்ளையும் நீலமுமாக நாற்பது தலைத்துணிகள் தெரிந்தன. அந்த நேரத்தில் என் கை ரிமோட்டில் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது, விமானம் மரத்தைச் சுற்றிச் சுற்றி வட்டம் போடத் தொடங்கியது. வாய் மட்டும் சரியாக வேலை செய்தது. “பேச்சியம்மா! குளவி! கொழுந்தப் போட்டுட்டு ஓடுங்க! ரோட்டுக்கு ஓடுங்க!”

ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பேச்சியம்மா ஒரு தடவை மேலே பார்த்தார், அவ்வளவுதான். “எல்லாம் ஏறுங்கடீ!” என்று ஒரே சத்தம். நாற்பது பேரும் கொழுந்துப் பையைக் கழற்றி எறிந்துவிட்டுப் படிக்கட்டு வழியாகப் பின்பக்கத்து ரோட்டுக்கு ஏறிவிட்டார்கள். கால் சுகமில்லாத ஒருத்தியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசி ஆள் ரோட்டில் கால் வைத்தபோது எனக்கு மூச்சு வந்தது. அதே நேரத்தில் விமானம் கூட்டில் போய் மோதிய சத்தம் கேட்டது, அப்பளம் நொறுங்குகிற மாதிரி. கூடு பாதியாகப் பிளந்து கீழே வந்தது. குளவிகள் வெளியே வந்து பார்த்தன. மலையில் ஒருவரும் இல்லை. மலைக்கும் ரோட்டுக்கும் நடுவில் மரங்கள் மறைத்தன. மைதானத்தில் மூன்று பேர் இருந்தோம்.

உங்கள் அக்கா வகுப்பு நடத்துகிற நிதானத்தோடு குடையை விரித்து, புல்லில் குப்புறப் படுத்து, சேலையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு குளவிகூட அவளைத் தொடவில்லை. நான் ரிமோட்டைக் கீழே போட மனமில்லாமல் ஓடினேன், ஆகவே தட்டிவிட ஒரு கைதான் இருந்தது. எனக்கு ஒன்பது கொட்டு, அதில் மூன்று இடது காதில். பெரிய துரை கெட்டிக்காரத்தனமாக ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். பின்பக்கக் கண்ணாடி திறந்திருந்தது. அவருக்குப் பதினான்கு.

டிஸ்பென்சரியில் இருவரையும் ஒரே வாங்கில் உட்காரவைத்து ஊசி போட்டார்கள். துரைக்கு ஒரு கண் மூடிவிட்டது. திறந்திருந்த கண்ணால் அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு அறிவித்தலை ஆழமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது பேச்சியம்மா உள்ளே வந்தார். முதலில் என்னிடம், “ஐயா, எங்க ஆளுக ஒருத்தருக்கும் ஒன்னுமில்ல. எண்ணிப் பாத்துட்டேன்” என்றார். நான் டெங்கு அறிவித்தலை மறுபடி முதலிலிருந்து படித்தேன். துரை அவரைப் பார்த்துத் தமிழில், “அந்தக் கூடு… எத்தனை நாளா இருக்குது?” என்று கேட்டார்.

“தீபாவளிக்கு முந்தியிருந்து சொல்லிக்கிட்டு இருக்கோங்க, தொரை.”

“ரொம்ப வலிக்குது” என்றார் துரை.

“ஆமாங்க. வலிக்கும்” என்றார் பேச்சியம்மா.

குரலில் கோபம் இல்லை, கேலி இல்லை, தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னார். துரை போனை எடுத்தார். திங்கட்கிழமை முகமூடியும் தடித்த உடுப்புமாக ஆட்கள் வந்து, விழுந்த பாதியையும் தொங்கிய பாதியையும் எடுத்ததோடு, மற்ற மலைகளிலும் தேடி இன்னும் ஆறு கூடுகளை அகற்றிவிட்டுப் போனார்கள். என் விமானத்தின் மேல் இறக்கை மட்டும் சவுக்கு மரத்தில் மாட்டியிருக்கிறது. அது குளவிக்கூடு அல்ல என்பதால் அதை எடுக்கத் தங்களுக்கு உத்தரவு இல்லை என்றார்கள்.

ஆகவே என் ஆலோசனை இதுதான். எதுவும் வாங்காமல் இருப்பது உத்தமம். வாங்கியே ஆக வேண்டுமென்றால் ரெஜிபோம், ஒற்றை இறக்கை, பூட்டி முடித்து வருவது. மரம் வேண்டாம், நானூறு துண்டு வேண்டாம், வினோதாவின் அயன் பெட்டிக்குக் கிட்டவும் போக வேண்டாம். நான் இந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டேன். ரிமோட்டைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தாயிற்று, சாப்பாட்டு மேசையும் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தது. இனி வீட்டு வாசலில் கெரட்டும் லீக்ஸும் போடலாம் என்று யோசனை.

வினோதாவுக்கு என் அன்பு. பிரியந்தினிக்குப் பரீட்சை நன்றாக அமையட்டும். உங்கள் பென்சன் காலம் வலியில்லாமலும் வீக்கமில்லாமலும் கழிய, மாரியம்மாள் உங்கள் எல்லோரையும் தன் கண் பார்வையிலேயே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
கஜேந்திரன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் உங்கள் அக்கா வாங்கிப் படித்தாள். சிவப்புப் பேனாவால் நான்கு சந்திப்பிழை திருத்தினாள். பிறகு, “அது பறந்தத எழுதலையே?” என்றாள். எழுத ஒன்றுமில்லை என்றேன். “பொய்” என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். ஆகவே எழுதுகிறேன். ஏழு நிமிடம் பறந்தது, மச்சான். புல்லைவிட்டு எழும்பும்போது அது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, தானாகவே தெரிந்த மாதிரி எழும்பியது. வெயில் இறக்கைக்கு ஊடாக அடித்து, நான் ஒட்டின ஒவ்வொரு விலா எலும்பும் கீழேயிருந்து தெரிந்தது. ஆறாம் நம்பர் மலையில் நாற்பது பேரும் கையில் கொழுந்தோடு அண்ணாந்து நின்றாங்க, கங்காணி அதட்டவே மறந்துட்டாரு. பேச்சியம்மா, “அடியேய், நம்ம டீமேக்கரய்யாவோடதுடி!” என்று கத்தினது எனக்குக் கேட்டிச்சு. உங்க அக்கா அத்தனை பேருக்கு முன்னால என் முழங்கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னா, கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நேற்று விஜிதரனுக்குப் போன் பண்ணிட்டேன், அதே பெட்டி அடுத்த மாதம் வருது. இந்தத் தடவை சிவப்புன்னு உங்க அக்கா முடிவு பண்ணிட்டா. மேலே எழுதினதை எல்லாம் வெட்டிவிட்டுப் படியுங்க.

ரெட்டை ரெக்கையே வாங்குங்க, மச்சான்.