ராகு காலம் முடிந்த முதல் நொடி

முகத்துக்கு நேராக ஒருவரிடம் எதையும் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. தனியாகப் போய் எழுதி வைத்துக்கொள்ளும் ஜாதி நான்.

இந்த லட்சணத்தில்தான் மயிலாப்பூரில் ஒரு சபாவுக்கு, கச்சேரி டிக்கெட் விற்கும் இணையதளம் செய்துதரப் போனேன். சபா செயலாளர், வைதேகியின் அப்பா. நானும் வைதேகியும் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. தளத்தை அசத்தலாகச் செய்து கொடுத்துவிட்டுப் பெண் கேட்பதாகத் திட்டம். (திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. குறை, திட்டம் போட்டவனிடம்.)

தளத்தில் கோளாறு வந்தால், பார்ப்பவருக்குத் திரையில் “மன்னிக்கவும், சற்றுப் பொறுத்து முயலவும்” என்று பணிவாக ஒரு வரி மட்டும் தெரிய வேண்டும். என்ன உடைந்தது, ஏன் உடைந்தது என்ற விவரமெல்லாம் லாக் என்ற பதிவுக்குள் போகும். அதை எழுதியவனைத் தவிர யாரும் படிக்கமாட்டார்கள். எனக்கென்றே கண்டுபிடித்த ஏற்பாடு!

செயலாளர் மாமா ஒரே நிபந்தனை போட்டார். “வெள்ளிக்கிழமை பன்னெண்டுக்கு ராகு காலம் முடியறது. அப்போதான் திறக்கணும்.”

“எல்லாரும் ஒரே சமயத்துல வந்தா டேட்டாபேஸ் தாங்காது மாமா. கொஞ்சம் முன்னாடியே திறந்துடலாம்.”

“ராகு காலத்துல எவன்டா டிக்கெட் வாங்குவான்?”

மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு “சரி மாமா” என்று சிரித்துவிட்டு, அந்தக் கோளாறுக்கான லாக் வரியில் என் மனக்குறையைக் கொட்டிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை சபா அலுவலகத்தில் கமிட்டி முழுக்கக் கூடியிருந்தது. சுவரில் பெரிய திரை. வைதேகி கேசரி கொண்டுவந்திருந்தாள். பன்னிரண்டு அடித்ததும், விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்த மயிலாப்பூர் மொத்தமும் ஒரே நொடியில் அமுக்கியது. மாமாவும் அமுக்கினார். திரையில் வந்தது இது:

“டேட்டாபேஸ் படுத்துவிட்டது. காரணம்: கூட்டம். கூட்டத்துக்குக் காரணம்: பஞ்சாங்கம். எல்லாவற்றுக்கும் காரணம்: வைதேகியின் அப்பா. மூன்று தடவை சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. இவரிடம் எப்படிப் பெண் கேட்பது?”

இரண்டு வரிகளையும் இடம் மாற்றிப் போட்டிருந்தேன். பணிவான மன்னிப்பு லாக்கில் பத்திரமாகத் தூங்கியது. பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார், கடைசி வரியை இரண்டு முறை. அடையாறு வரைக்கும் எல்லாக் கைபேசியிலும் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. தளமும் போச்சு, வைதேகியும் போச்சு என்று, ஒயர் தேடுகிற பாவனையில் மேஜைக்கு அடியில் புகுந்தேன்.

மாமா குனிந்து பார்த்தார். “இதை நேர்ல சொல்றதுக்கென்னடா?”

“பயம் மாமா.”

“மொதல்ல இதைச் சரி பண்ணு. அப்புறம் அப்பா அம்மாவை அழைச்சுண்டு ஆத்துக்கு வா.” நிமிரப் போனவர் மறுபடி குனிந்தார். “ராகு காலம் பார்த்துண்டு வா.”

கல்யாணம் ஆகிப் பல வருஷமாகிறது. இன்றும் சாப்பிடும்போது “ரசம் பிரமாதம்” என்று நான் சொன்னால் போதும், “மாப்பிள்ளை, இது திரைக்கா, லாக்குக்கா?” என்று மாமனார் கேட்காமல் விடுவதில்லை.

வைதேகி என் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. தட்டில் எவ்வளவு மீதி வைத்திருக்கிறேன் என்று எட்டிப் பார்த்துவிடுகிறாள்.