எட்டே இல்லாத எண்

எனக்கு வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கத் தெரியாது. அந்தக் குறையால் என் கலியாணமே நின்றுபோகப் பார்த்தது.

பொம்பிளை பார்க்க முரசுமோட்டைக்குப் போகும்போது ஓட்டோவுக்குள் வைத்தே அம்மா எச்சரித்தா. "பொம்பிளையின்ர தேப்பனுக்கு எட்டு எண்டால் ஆகாதாம். அவற்ற உழவு மெசின் வாய்க்காலுக்குள்ள பிரண்டதுக்கும் நம்பர் பிளேட்டில இருந்த எட்டுத்தானாம் காரணம். நீ அங்க போய்க் கணக்குக் கிணக்கெண்டு தொடங்காதை!"

(தொடங்காதை என்றால் தொடங்குவதுதானே எங்கள் பரம்பரைக் குணம்.)

நான் கிளிநொச்சியில் ரியூசனில் கணிதம் படிப்பிப்பவன். பொம்பிளை வாசுகியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எப்படியாவது தகப்பனைக் கவிழ்த்துவிட வேண்டும். அதற்கென்றே ஓர் எண் வைத்திருந்தேன். அவர்கள் வீட்டில் போய் இருந்ததுமே அவரிடம் தொடங்கினேன்.

"மாமா, உங்கட போனில கல்குலேட்டரைத் திறந்து 12345679 எண்டு அடியுங்கோ. பாத்தியளே, எட்டு இல்லை!"

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஓம் தம்பி, எட்டை விலத்தியெல்லோ போகுது!"

"இனி ஒண்டிலயிருந்து ஒன்பதுக்குள்ள ஒரு இலக்கம் சொல்லுங்கோ."

"மூண்டு."

"அதை ஒன்பதால பெருக்கினால் இருபத்தேழு. இந்த எண்ணை இருபத்தேழால பெருக்குங்கோ."

திரையில் 333333333. "அட கடவுளே!" என்று மாமா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். சம்பந்தம் முடிந்த மாதிரித்தான். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணியோடு வந்த வாசுகி கேட்டா:

"எட்டைச் சொன்னால் என்ன வரும்?"

புத்தியுள்ளவன் வடையைப் பற்றிக் கதைத்திருப்பான். நான் வாத்தி. "எட்டொன்பது எழுபத்திரண்டு. பெருக்குங்கோ மாமா!"

888888888.

மாமா போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். "தம்பி, உழவு மெசினில ஒரு எட்டுத்தான் இருந்தது."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் தேத்தண்ணி ஆறிப்போனது. நான் பதறியடித்துக்கொண்டு எண்ணைக் காப்பாற்ற இறங்கினேன். "இல்லை மாமா, இது நல்ல எண். ஒண்டை எண்பத்தொண்டால வகுத்தால் ஒரு பூச்சியத்தோட இந்த இலக்கங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்..."

"எண்பத்தொண்டிலயும் எட்டு நிக்குதே!" என்று எழும்பியேவிட்டார். அம்மாவும் கைப்பையை எடுத்துவிட்டா. எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே.

வாசுகிதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பா, அந்த ஒன்பது எட்டையும் கூட்டுங்கோ. எழுபத்திரண்டு. ஏழும் ரெண்டும்?" என்றா.

"ஒன்பது..." மாமா மெல்லக் கதிரையில் இருந்தார். "செவ்வாய். முருகன்ர எண்."

ஒன்பதின் மடங்கு எதுவானாலும் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டு போனால் கடைசியில் ஒன்பதுதான் வரும். வருசக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த எனக்கு அது அப்போது ஞாபகமே வரவில்லை!

கலியாணம் முடிந்து எங்கள் மகள் பிறந்தாள். எட்டாம் திகதி, காலை எட்டரை மணிக்கு. மாமாவுக்குப் போன் எடுத்தேன். திகதியும் நேரமும் சொன்னதும் கேட்டார்:

"தம்பி, நீர் ஏதும் பெருக்கினனீரோ?"

இப்போது கரண்ட் நின்றாலும், கிணற்று மோட்டர் எரிந்தாலும், அந்த வீட்டில் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: "மருமோன் ஏதும் பெருக்கினவரோ?"