எண்ணிக்கை: ஒன்று

எண்ணிக்கை என்ற கட்டத்தில் பூஜ்யம் அடித்ததும் திரையில் ஒரு கேள்வி முளைத்தது. 'இந்த இனம் அழிந்துவிட்டதாகக் கருதிக் கோப்பை மூடலாமா?'

மீன் ஆய்வாளர் 'இல்லை' என்பதை அழுத்தினாள். கணினி அவளைப் பழையபடி எண்ணிக்கைக் கட்டத்துக்கே கொண்டுபோய் நிறுத்தியது. மறுபடி பூஜ்யம். மறுபடி அதே கேள்வி.

"என்னம்மா இது, சுத்திச் சுத்தி இங்கேயே வந்து நிக்குது?"

"பூஜ்யம்னா அப்படித்தான் மேடம்," என்றாள் கணினிப் பிரிவுப் பெண். "ஒண்ணாவது இருந்தாத்தான் அடுத்த பக்கம் போகும். இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசி."

மணி நாலே முக்கால்.

அந்த மீனுக்குச் செம்பொட்டு என்று பெயர். விரல் நீளம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு. ஒரே ஒரு ஓடையைத் தவிர வேறெங்கும் கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள்தான் போய்க் கணக்கெடுத்தாள். முதல் வலையிலேயே நாற்பத்திரண்டு. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டாவது வலை போடாமல், 'கவலைப்பட வேண்டியதில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த ஒரு வரியை நம்பி யாரும் கவலைப்படவில்லை. மேலே கல்குவாரி வந்தது. ஓடையில் கல்மாவு படிந்தது. இந்த மூன்று வருஷமாக மாதம் தவறாமல் முழங்கால் தண்ணீரில் நின்று தேடுகிறாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. கோப்பை மூடினால் மிச்ச ஓடையும் குவாரிக்குப் போய்விடும்.

ஒன்று என்று அடித்தாள்.

அடுத்த பக்கம் நல்லபிள்ளையாகத் திறந்தது. நீளம்? விரல் கணக்கில் போட்டாள். ஆணா, பெண்ணா? பெண். உடல்நலம்?

"நல்லாத்தானே இருக்கும்?" என்றாள் கணினிப் பெண்.

'நன்று' என்று போட்டாள். செத்துப்போனவரை நலம் விசாரித்துக் கடிதம் எழுதுவது போலிருந்தது.

அஞ்சு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது அனுப்பியாகிவிட்டது. அஞ்சு அடித்து ஒரு நிமிஷத்தில் இயக்குநர் வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு இருக்காமே. சொல்லவே இல்லையே. நான் பார்க்கணும்."

"அது கல்லுக்கடியிலயே கிடக்கும் சார். காலையில மட்டும்தான் வெளிய வரும்."

"அப்ப வியாழக்கிழமை காலையிலயே போயிடலாம். துறைச் செயலாளரும் வர்றார்."

"கூட்டத்தைப் பார்த்தா ஒளிஞ்சுக்கும் சார்."

"கூட்டமே வேண்டாம். அவரும் நானும் மட்டும். அவர் அரை நாள் ஆனாலும் உக்காந்து பார்ப்பார். பொறுமைசாலி."

இதற்குமேல் வாயைத் திறந்தால் முதலமைச்சரே வந்துவிடுவார் என்று பயந்து அவள் நிறுத்திக்கொண்டாள்.

புதன்கிழமை வண்ணமீன் கடைக்குப் போனாள். ஏறக்குறைய அதே சாயலில் ஒரு மீன் இருந்தது. நீளம் இரண்டு மடங்கு. பொட்டு மட்டும் இல்லை. பொட்டு வைக்க வீட்டில் ஆள் இருந்தார். அவள் கணவர் விளம்பரப் பலகை எழுதுகிறவர்.

"எந்தப் பக்கம் பொட்டு?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும்."

ஈரத்துணியில் மீனைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். நகப்பூச்சில் தூரிகையைத் தொட்டார். மீன் துள்ளியது. பொட்டு அவர் சட்டையில் விழுந்தது. அடுத்தது அவள் மூக்கில்.

"இருபது வருஷமா போர்டு எழுதறேன். ஒரு போர்டும் இப்படித் துள்ளினதில்லை."

"தப்பு பண்றமோன்னு இருக்குங்க."

"என்கிட்ட கேக்கறியே. 'உலகத் தரம்'னு நான் எழுதாத கடை இந்த ஊர்ல உண்டா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவழியாக இரண்டு பொட்டும் பதிந்ததும் துணியைப் பிரித்து மீனைத் தொட்டியில் விட்டாள். அது சுவரோரமாகப் போய் அசையாமல் நின்றது. "அன்னிக்கு அந்த பஸ்ஸை விட்டிருக்கலாம்ங்க," என்றாள். "அஞ்சரைக்கும் ஒரு பஸ் இருந்துச்சு."

அவர் அவள் மூக்கிலிருந்த பொட்டைத் துடைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் ஆபீஸ் ஜீப் டிரைவரிடம் மூடிபோட்ட வாளியைக் கொடுத்தாள். விஷயத்தையும் சொன்னாள். அவர் எதற்கும் அசராத ஆள்.

"ஓடையில இருக்கிற குட்டையில விட்டுட்டு, வெளிய போற வழியைக் கல்லு வச்சு அடைச்சிடுங்க அண்ணே. நான் அவங்களைக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருங்க."

"சரிங்கம்மா."

அரை மணி கழித்துச் செயலாளர் கால்சட்டையை மடித்துக்கொண்டு குட்டையோரம் குந்தினார். மீன் தண்ணீரின் நடுவில் சாவகாசமாக நின்றது. இரண்டு பொட்டும் வெயிலில் பளபளத்தன.

"கொஞ்சம் பெருசா இருக்கே?" என்றார் இயக்குநர்.

"வயசான மீன் சார்."

செயலாளர் இன்னும் குனிந்து மீனைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சார்."

"துணைக்குக்கூட ஆளில்லாம இத்தனை நாள் எப்படித்தான் இருந்துச்சோ."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர் கோப்பைக் கேட்டு வாங்கி, முழங்காலில் வைத்து எழுதினார். குவாரி அனுமதி ரத்து. ஓடை முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதி. கையெழுத்துப் போட்டுவிட்டு, "பதினோரு வருஷமா விடாம இதுக்காக நின்னிருக்கீங்க. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்," என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அவர்கள் கார் போனபிறகு அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்தாள். ஓடை பிழைத்துவிட்டது. எந்த மீனுக்காகப் பிழைக்க வைத்தாளோ அது இல்லை. இனி இதில் தண்ணீர் தெளிந்தாலும், பாசி பிடித்தாலும், வந்து குடியிருக்க ஆளில்லை. அந்த இரண்டாவது வலையை மட்டும் அன்றைக்குப் போட்டிருந்தால்.

வெளியூர் மீனை இங்கே விட்டுப் போகக்கூடாது என்று எழுந்து வலையைப் போட்டு எடுத்தாள். வாளிக்கு மாற்றும்போது அதன் வயிறு புடைத்திருந்தது தெரிந்தது. டிரைவர் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"என்ன அண்ணே, இதுக்குத் தீனி ஏதாவது போட்டீங்களா?"

"நான் ஒண்ணும் போடலைங்கம்மா. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி, கல்லுக்கடியிலேருந்து விரல் நீளத்துக்கு ஒண்ணு இது பக்கத்துல வந்து நின்னுச்சு, ரெண்டு பக்கமும் பொட்டோட, அதைத்தான் இது முழுங்கிடுச்சு."